டைனோசர் புத்தகம் வாங்குவது எப்படி? கொங்கு நாட்டு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது. பெருந்துறையில் இருக்கிறாள். பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த டைனோசர் புத்தகத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போன் போட்டாள். "மாமா, இது பச்சைக் கலர்னு போட்டிருக்குது. பார்த்தவங்க யாருமே இல்லையே, அப்புறம் எப்படித் தெரியும்?" புத்தகத்தைப் புரட்டச் சொன்னேன். அதில் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. "அப்புச்சிகிட்டக் கேளு சாமி" என்று போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நழுவிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக நானும் அவளும் சேர்ந்து வாங்கிய புத்தகங்கள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றன. பாதி நல்லவை. மீதி, அட்டையைப் பார்த்து ஏமாந்தவை. ஒரு கண்காட்சியில் 'ஐந்து புத்தகம் ஒரே விலை' என்று வாங்கிய கட்டில் மூன்று புத்தகங்களில் ஒரே படங்கள்தான், அட்டை மட்டும் வேறு. அப்படி ஏமாந்து கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: குழந்தைக்கு வேண்டியது எது என்று பாருங்கள்

டைனோசர் பிடிக்கும் என்று எல்லாக் குழந்தையும் ஒரே காரணத்துக்காகச் சொல்வதில்லை. சில குழந்தைகளுக்குப் பெயர் மேல் ஆசை. வாயில் நுழையாத பெயரை மனப்பாடமாகச் சொல்லிப் பெரியவர்களைத் திணறடிப்பதில் ஒரு சந்தோஷம். சிலருக்கு எது பெரியது, எது எதை ஜெயிக்கும் என்ற கணக்கு. சிலர் படம் வரைவார்கள். இன்னும் சிலர் தோட்டத்தில் குழி தோண்டி, கிடைத்த ஆட்டு எலும்பைக் கழுவிக் கொண்டுவந்து 'இது எதோட கால்?' என்பார்கள்.

கடைசி வகைக் குழந்தைதான் தொல்லுயிரியல், அதாவது பழங்கால உயிர்களின் எச்சங்களை ஆராய்கிற படிப்பின் பக்கம் போகிற குழந்தை. அதற்கு, பெயர்களை அடுக்கிய அகராதி மாதிரியான தடிமனான புத்தகம் கொடுத்தால் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு வேண்டியது தோண்டுகிற கதை. எலும்பு எப்படிக் கல் ஆகிறது, அதை எப்படி எடுக்கிறார்கள், எப்படிச் சேர்க்கிறார்கள், எங்கே தப்புப் பண்ணினார்கள் என்பதெல்லாம்.

ஒரு வாரம் குழந்தை கேட்கிற கேள்விகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். 'எவ்வளவு பெருசு' என்பதைவிட 'எப்படித் தெரியும்' அதிகமாக வந்தால், இந்த வழிகாட்டி முழுக்க உங்களுக்குத்தான்.

இரண்டாம் படி: அட்டையை விட்டுவிட்டு உள்பக்கத்தைத் திறங்கள்

அட்டையில் வாயைப் பிளந்த டி. ரெக்ஸ் என்கிற பெரிய ஊனுண்ணி இல்லாத டைனோசர் புத்தகம் கிடையாது. அதனால் அட்டை எதையும் சொல்லாது. நேராக முதல் இரண்டு, மூன்று பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு விவரத்துக்குப் போங்கள்.

அதில் பார்க்க வேண்டியது ஆண்டு. 'மறுஅச்சு 2022' என்றிருந்தால் மேலே 'முதல் பதிப்பு' எப்போது என்று பாருங்கள். 1988ல் எழுதியதைத் திருத்தாமல் திரும்பத் திரும்ப அச்சிடுவார்கள். திருத்திய பதிப்பு என்று போட்டிருந்தால் பரவாயில்லை. இந்தத் துறையில் முப்பது வருஷம் என்பது பெரிய இடைவெளி. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் இறகு மாதிரியான மென்மயிரோடு கல்லில் பதிந்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசர் 1996ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் கிட்டத்தட்ட எல்லா டைனோசரும் மொட்டைத் தோலோடுதான் இருக்கும்.

அடுத்து, எழுதியவர் யார், சரிபார்த்தவர் யார். நல்ல பதிப்பகங்கள் ஒரு தொல்லுயிரியலாளரின் பெயரை ஆலோசகர் என்று போட்டிருப்பார்கள். படம் வரைந்தவரின் பெயர் இருக்க வேண்டும். இரண்டு பெயரும் இல்லாமல் வெறும் 'ஆசிரியர் குழு' என்றால் நான் திரும்ப வைத்துவிடுவேன்.

ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. டைனோசர்கள் அழிந்தது எப்போது என்று போட்டிருக்கிற பக்கத்தைத் தேடுங்கள். 6.5 கோடி ஆண்டுகள் என்றால் பழைய சரக்கு, 6.6 கோடி என்றால் புதிது. பாறைகளின் வயதை இன்னும் துல்லியமாக அளக்க ஆரம்பித்த பிறகு அந்த எண் மாறியது. இதை வைத்தே புத்தகத்தை ஒதுக்க வேண்டாம், ஆனால் கடையில் அரை நிமிஷத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

மூன்றாம் படி: படங்களைச் சோதியுங்கள்

படிக்கவே வேண்டாம். படத்தைப் பார்த்தே பாதி தெரிந்துவிடும்.

முதலில் டி. ரெக்ஸின் வால். பழைய படங்களில் அது கங்காரு மாதிரி நிமிர்ந்து, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும். இப்போதைய புரிதல் அப்படி இல்லை. இடுப்பு நடுவில், தலை ஒரு பக்கம், வால் மறுபக்கம், தராசு மாதிரி படுக்கைவசத்தில் உடம்பு. பதிந்து கிடைத்த காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு மிக அபூர்வம் என்பதும் இதற்கு ஒரு காரணம். 1969ல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிக்கஸ் என்ற வேகமான வேட்டை டைனோசரை விவரித்த பிறகு, மந்தமான பெரும் பல்லி என்ற எண்ணம் மெல்ல மெல்லப் போனது.

அப்புறம் கை. டி. ரெக்ஸுக்குக் கையில் இரண்டு விரல்தான். அல்லோசாரஸுக்கு மூன்று. எண்ணிப் பாருங்கள். இப்போது வருகிற மலிவுப் புத்தகங்களில் கணினியே வரைந்து தள்ளிய படங்கள் புகுந்துவிட்டன. ஒரு கையில் இரண்டு, மறு கையில் நான்கு என்று இருக்கும். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். முயல் கையைத் தொங்கப் போட்ட மாதிரி கீழே பார்த்தால் தப்பு. நாம் கை தட்டும்போது இருப்பது போல ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மணிக்கட்டு எலும்பு அதற்கு மேல் திரும்பாது.

காலுக்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. வேலிமேல் உட்கார்ந்திருக்கும் ஒடக்கானைக் குழந்தைக்குக் காட்டுங்கள். கால் பக்கவாட்டில் விரிந்து மடங்கியிருக்கும். பிறகு காங்கேயம் காளையைக் காட்டுங்கள். கால் உடம்புக்கு நேர் கீழே தூண் மாதிரி நிற்கும். டைனோசரின் கால் காளை வகை. நான்கு காலும் ஒடக்கான் மாதிரி விரிந்து வரைந்திருந்தால், வரைந்தவர் எலும்பைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். 'டைனோசர்கள் என்பவை ராட்சதப் பல்லிகள்' என்று ஆரம்பிக்கிற புத்தகத்தையும் இதே கணக்கில் சேர்க்கலாம்.

இறகு விஷயத்தில் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. வெலாசிராப்டருக்கு இறகே போடாத படம் பழசு. அதன் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த புடைப்புகளை 2007ல் கண்டார்கள். சினிமாவில் ஆள் உயரத்துக்குக் காட்டிய அந்த விலங்கு உண்மையில் வான்கோழி அளவுதான், வால் நுனி வரை அளந்தால் இரண்டு மீட்டர் வரும். மறுபக்கம், புதுசாக இருக்க வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் இறகு ஒட்டிவிடுகிற புத்தகங்களும் உண்டு. டி. ரெக்ஸுக்குக் கிடைத்திருக்கும் தோல் பதிவுகளில் செதில்தான் தெரிகிறது.

யார் யாரோடு ஒரே படத்தில் நிற்கிறார்கள் என்றும் கவனியுங்கள். ஸ்டெகோசாரஸும் டி. ரெக்ஸும் சண்டை போடுகிற படம் நிறையப் புத்தகங்களில் வரும். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன். டி. ரெக்ஸ் வந்தது 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன். டி. ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் காலத்தில் பக்கம்! இதைச் சொன்னதும் அக்கா மகள் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

பறக்கிற டெரோசார், நீந்துகிற பிளீசியோசார், முதுகில் பாய் விரித்த டைமெட்ரோடான் மூன்றையும் டைனோசர் பட்டியலில் சேர்த்திருந்தால் அந்தப் புத்தகம் வேண்டாம். டைமெட்ரோடான் டைனோசர்கள் தோன்றும் முன்பே அழிந்துபோனது. அதுவும் பாலூட்டிகளின் பக்கத்துச் சொந்தம். டைனோசருக்கு அல்ல, நமக்குத்தான் அது பங்காளி முறை.

கடைசியாகப் புல். ஜுராசிக் காலத்துப் பெரிய டைனோசர்கள் பசும்புல் வெளியில் மேய்கிற மாதிரி வரைந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் புல்வெளி கிடையாது. பெரணிகள், சைகஸ் வகை மரங்கள், ஊசியிலை மரங்கள்தான். புல் பற்றி இன்னொரு நல்ல கதை இருக்கிறது, கீழே வருகிறேன்.

நான்காம் படி: 'எப்படித் தெரியும்?' என்பதற்குப் பதில் இருக்கிறதா?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு இதை மட்டும் பார்த்தாலும் போதும். ஒரு புத்தகத்தில் இரண்டு எண்கள் தப்பாக இருக்கலாம், குழந்தை பின்னால் திருத்திக்கொள்ளும். ஆனால் 'இது பச்சை, இது வேகமாக ஓடும், இது முட்டை திருடும்' என்று தீர்ப்பு மட்டும் சொல்லிக்கொண்டு போகிற புத்தகம் குழந்தையைக் கேள்வி கேட்காத ஆளாக்கிவிடும்.

கடையில் நின்றபடியே மூன்று பக்கம் படியுங்கள். 'இந்த எலும்பில் இருக்கும் கீறலால்', 'தடங்களின் இடைவெளியை வைத்து', 'சிலர் இப்படி நினைக்கிறார்கள்', 'முன்பு இப்படி எண்ணினார்கள்' என்கிற மாதிரி வாக்கியங்கள் வருகின்றனவா? வந்தால் நல்ல சகுனம். வெறும் நீளம், உயரம், எடை, பிடித்த உணவு என்று அட்டவணை மட்டுமா? அது கிரிக்கெட் வீரர் அட்டை மாதிரி. சேகரிக்கலாம், படிக்க ஒன்றும் இல்லை.

ஒரு புத்தகத்தை எடைபோட நான் சில கதைகளைத் தேடுவேன். ஒன்று, ஓவிராப்டர். 1923ல் மங்கோலியாவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் இதன் எலும்பு கிடைத்தது. முட்டை வேறு டைனோசருடையது என்று நினைத்து, 'முட்டைத் திருடன்' என்ற பொருளில் அடுத்த வருஷம் பெயர் வைத்துவிட்டார்கள். எழுபது வருஷம் கழித்து, 1993ல், அதே மாதிரி முட்டைக்குள் கருவைப் பார்த்தால், அது ஓவிராப்டர் இனத்தின் குஞ்சேதான். தன் முட்டையை அடைகாத்த தாய்க்குத் திருடிப் பட்டம்! பெயரை மாற்ற விதி இடம் கொடுக்காததால் இன்றும் அதே பெயர். ஓவிராப்டரை இன்னும் திருடனாகவே காட்டுகிற புத்தகம் தப்பு. இந்தத் திருத்தத்தைக் கதையாகச் சொல்கிற புத்தகம் தங்கம்.

இன்னொன்று இகுவானடான். 1825ல் பெயர் பெற்றது. அதன் கட்டைவிரல் முள்ளைக் காண்டாமிருகக் கொம்பு மாதிரி மூக்கில் வைத்துவிட்டார்கள். பிறகு பெல்ஜியத்துச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் கொம்பு கைக்கு இறங்கியது.

நிறம் பற்றிய கேள்விக்கும் பதில் உண்டு. படிந்த இறகுகளில் நிறமணிகளைத் தாங்கிய நுண்ணிய பைகளின் வடிவம் தப்பிப் பிழைத்திருக்கிறது. அதை நுண்ணோக்கியில் பார்த்து, இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டு, சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்று 2010ல் சொன்னார்கள். பெரும்பாலான டைனோசர்களுக்கு இப்படிச் சொல்ல இன்னும் வழியில்லை. அந்தப் பச்சை ஓவியரின் கற்பனை. இதைப் பாப்பாவிடம் சொல்ல எனக்கு எட்டு மாதம் ஆனது. "அதைப் புத்தகத்துலேயே சொல்லியிருக்கலாமில்லீங் மாமா" என்றாள். சொல்லியிருக்கலாம்.

மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் ஏழைக் குடும்பத்தில் 1799ல் பிறந்த மேரி ஆனிங், அண்ணன் கண்ட தலையோட்டைத் தொடர்ந்து தேடி, 12 வயதில் இக்தியோசார் என்ற மீன் வடிவக் கடல் ஊர்வன ஒன்றின் உடம்பைக் கண்டுபிடித்தவர். 1823ல் முழு பிளீசியோசாரை எடுத்தவரும் அவர்தான். பெண் என்பதால் லண்டன் புவியியல் கழகத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பெண் குழந்தை இருக்கிற வீட்டில் இந்தப் பக்கத்தைத் தவறவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: தமிழா, ஆங்கிலமா?

உண்மையைச் சொன்னால், தமிழில் தேர்வு குறைவு. இருப்பதில் பல மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் முதலில் சோதிக்க வேண்டியது கோடிக் கணக்கு. ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். 66 மில்லியன் என்பது 6.6 கோடி. இதை '66 கோடி' என்றும் '66 லட்சம்' என்றும் போட்ட புத்தகங்கள் இரண்டுமே என் கையில் சிக்கியிருக்கின்றன. ஒரே புத்தகத்தில் ஒரு பக்கம் சரியாகவும் அடுத்த பக்கம் தப்பாகவும்கூட இருந்தது. டைனோசர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று காலங்களில், டிரையாசிக் தொடக்கம் 25 கோடிக்குச் சற்று மேல், ஜுராசிக் தொடக்கம் 20 கோடி, கிரெட்டேசியஸ் தொடக்கம் 14.5 கோடி, முடிவு 6.6 கோடி. இந்த நான்கு எண்ணையும் போனில் குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

சொற்களில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் எதுவானாலும் சரி, புத்தகம் முழுக்க ஒன்றையே பயன்படுத்தினால் போதும். பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். அதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டாம்.

ஆங்கிலப் புத்தகமானால் படம் நன்றாக இருக்கும், விலை கூட. ஏழு, எட்டு வயதில் தமிழ் வழியில் படிக்கிற குழந்தைக்கும் அதை வாங்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வீட்டில் ஓர் ஆள் இருந்தால். இல்லையென்றால் ஓர் எளிய தமிழ்ப் புத்தகமே மேல். புரியாத புத்தகம் அலமாரியில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆறாம் படி: இந்திய டைனோசர்கள் இருக்கின்றனவா?

வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தியா அரைப் பக்கம்கூட வராது. ஆனால் 'டைனோசர்' என்ற சொல்லை ரிச்சர்டு ஓவன் 1842ல் உண்டாக்குவதற்கு 14 வருஷம் முன்பே, 1828ல், ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற படை அதிகாரி எலும்புகளை எடுத்துவிட்டார். அது என்ன விலங்கு என்று தெரியாமலே கிடந்து, 1877ல் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் பெற்றது.

குழந்தைக்குச் சொல்ல இன்னும் நல்ல கதைகள் இருக்கின்றன. கோதாவரிப் படுகையில் கிடைத்த பாராபாசாரஸ் டாகோரே. வங்காள மொழியில் 'பெரிய கால்' என்ற பொருளும், தாகூரின் பெயரும் சேர்ந்தது. தோண்டிய காலத்தில், 1961ல், தாகூரின் நூற்றாண்டு நடந்துகொண்டிருந்தது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அந்த எலும்புக்கூடு நிற்கிறது. அதன் மண்டை ஓடு கிடைக்கவில்லை, பற்கள்தான் கிடைத்தன. அதனால் எந்தப் புத்தகத்தில் அதன் முகத்தைப் பார்த்தாலும் 'இது ஊகம்' என்று குழந்தையே சொல்லலாம்.

நர்மதையின் பெயரையும் தாங்கிய ராஜாசாரஸ், குஜராத்தின் ராஹியோலியில் எடுத்த எலும்புகளிலிருந்து 2003ல் அறிவிக்கப்பட்டது. அதே குஜராத்தில், டைனோசர் முட்டையும் குஞ்சும் என்று எடுத்து வைத்த கல்லில், குஞ்சைப் பிடிக்கக் காத்திருந்த மூன்றரை மீட்டர்ப் பாம்பின் எலும்பு இருப்பது பின்னால் தெரிந்தது. சனாஜே என்று 2010ல் பெயர் வைத்தார்கள். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் என்று 2023ல் ஒரு கணக்கு வந்தது. அதே மாவட்டத்தில் ஒரு கிராமத்தார் தலைமுறையாகக் காவல் தெய்வமாகக் கும்பிட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று ஆய்வாளர்கள் சொன்ன செய்தியும் அந்த வருஷம்தான். எங்கள் அப்புச்சிக்கு (அதாவது என் அப்பாவுக்கு) இந்தச் செய்தி ரொம்பப் பிடித்துப்போனது. "கும்பிட்டதுல தப்பே இல்லைங்க, அத்தனை வயசானது" என்றார்.

இனி அந்தப் புல் கதை. டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்று பழைய புத்தகங்கள் அடித்துச் சொல்லும். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தை உடைத்துப் பார்த்தபோது அதில் புல்லின் நுண்துகள்கள் இருந்தன. 2005ல் அது வெளியானது. புல்வெளி இல்லை, ஆனால் கிரெட்டேசியஸ் கடைசியில் இந்தியாவில் புல் இருந்திருக்கிறது. சாணி உலகத்துப் பாடப்புத்தகத்தை மாற்றியது என்றால் எந்தக் குழந்தைதான் சிரிக்காது?

தமிழ்நாட்டுக்கும் ஒரு டைனோசர் உண்டு. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்து, 1987ல் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்த புருகத்காயோசாரஸ். 'பெரும் உடல்' என்று பொருள். அந்த எலும்புகள் பாதுகாக்கப்படும் முன்பே உதிர்ந்துபோயின. முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள். 'உலகிலேயே பெரிய டைனோசர் தமிழ்நாட்டில்!' என்று மார்தட்டுவதோடு நிறுத்துகிற புத்தகத்தைவிட, 'எலும்பே கையில் இல்லாமல் அளவை எப்படிச் சொல்வது?' என்று கேட்கிற புத்தகத்தை வாங்குங்கள்.

வயதுக் கணக்கு

நான்கு வயது வரை கிழியாத அட்டைப் புத்தகம், பெரிய படம், போதும். ஐந்திலிருந்து ஏழு வரை கதையோடு சேர்ந்த தகவல். எட்டுக்கு மேல் பொருளடைவும் சொல்விளக்கமும் உள்ள புத்தகம். அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதே ஒரு பாடம். ஆனால் அட்டையில் போட்ட வயதை நம்ப வேண்டாம். டைனோசர் விஷயத்தில் குழந்தைகள் இரண்டு வயது முன்னாலேயே போய்க்கொண்டிருப்பார்கள். திறந்தால் எழுந்து நிற்கிற மடிப்புப் புத்தகம் அழகுதான், விலை அதிகம், தம்பி தங்கை இருக்கிற வீட்டில் ஆயுசு குறைவு.

எங்கே வாங்குவது?

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா, ஜூலையில் கோவை கொடிசியாவில் புத்தகத் திருவிழா. இரண்டும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க நல்ல இடம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் பதிப்பு ஆண்டைப் பார்க்க நிற்க முடியாது. நேஷனல் புக் டிரஸ்ட் கடையில் குறைந்த விலையில் தமிழ் அறிவியல் புத்தகங்கள் கிடைக்கும், முதலில் அங்கே போய்விடுங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் முதல் சுற்றில் வாங்காமல் மூன்று புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, டீ குடித்துவிட்டு வந்து ஒன்றை மட்டும் வாங்குங்கள். எங்கள் வீட்டில் இது எழுதாத சட்டம்.

உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் வெளிநாட்டுப் புத்தகம் மலிவாகக் கிடைக்கும். அங்கே இரண்டாம் படி ரொம்ப முக்கியம், ஆண்டு பார்க்காமல் எடுக்கவே கூடாது. இணையத்தில் வாங்கினால் உள்பக்க மாதிரியைத் திறந்து டி. ரெக்ஸ் கையைத் தேடுங்கள். மாதிரிப் பக்கமே காட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காசு செலவழிக்கும் முன் நூலகத்தில் எடுத்துப் படித்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் குழந்தைப் புத்தகங்களை இலவசமாகவே படிக்கலாம்.

புத்தகத்தை வாங்கிய பிறகு

நம் ஊரில் டைனோசர் எலும்பு கிடைக்குமா என்று குழந்தை கட்டாயம் கேட்கும். கிடைக்காது. கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பாறைகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டு வயதுடையவை. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகியவை. டைனோசர்கள் தோன்றியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஊர்க் கரட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லுங்கள். காலுக்குக் கீழே இருக்கும் கல் முதல் டைனோசரைவிடப் பத்து மடங்கு கிழம் என்பது, எலும்பு இல்லாத ஏமாற்றத்தைக் கொஞ்சம் ஆற்றும்.

உயிரோடு இருக்கும் டைனோசருக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. பறவைகள் டைனோசர்களின் ஒரு கிளை. பல்லடம் கோழிப் பண்ணையிலும் நாமக்கல் முட்டையிலும் ஓடுவது அந்த வம்சம்தான். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு முடிந்ததும் எலும்புகளைக் கழுவி எடுத்து வையுங்கள். நெஞ்சுப் பக்கத்தில் கவட்டை மாதிரி இருக்கும் எலும்பு டி. ரெக்ஸுக்கும் இருந்தது. தொடை எலும்பை உடைத்தால் உள்ளே குழாய் மாதிரி இருக்கும். காலில் முன்னால் மூன்று விரல், மேலே செதில். புத்தகத்தில் இருக்கும் எலும்புக்கூட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். பறவையைத் தவிர இன்று உயிரோடு இருப்பவற்றில் டைனோசருக்கு மிக நெருங்கிய சொந்தம் முதலை. உடுமலை பக்கம் அமராவதி அணை முதலைப் பண்ணைக்கு ஒரு நாள் போனால் அதையும் பார்த்துவிடலாம்.

பள்ளி விடுமுறையில் முடிந்தால் கரூர், திருச்சி வழியாக அரியலூர். கிரெட்டேசியஸ் காலத்தில் அந்தப் பக்கம் கடல். அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் சுருள் சுருளான ஓடுகளை வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்தன என்று வாட்ஸ்ஆப்பில் பரவியது நினைவிருக்கிறதா? அவை அம்மோனைட்டோடு சேர்ந்து உருண்டு இறுகிய படிவுகள் என்று புவியியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். 'எப்படித் தெரியும்?' என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு அது நல்ல பயிற்சி.

ஏமாந்து வாங்கிய புத்தகத்தை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம், ஒரு பென்சிலைக் கொடுங்கள். அக்கா அந்த முதல் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடப் பார்த்தாள், பாப்பா விடவில்லை. இப்போது அதில் 6.5 அடிக்கப்பட்டு 6.6 ஆகியிருக்கிறது. டி. ரெக்ஸின் மூன்றாவது விரலுக்குக் குறுக்கே ஒரு கோடு. பச்சை டைனோசருக்குப் பக்கத்தில் கோணல் எழுத்தில்: 'யாருக்கும் தெரியாது.'